புராஸ்டேட் ஆபரேஷனும் நரம்புகளும்: கொல்கத்தாத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புராஸ்டேட் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். உயிருக்கு ஒன்றும் ஆகாதே? எவ்வளவு செலவாகும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. அந்த இடத்தில் ஓடும் நரம்புகளுக்கு அடிபட்டால் பிறகு சிறுநீர் அடங்குமா, தாம்பத்தியம் என்னவாகும், கால் மரத்துப்போகுமா?

மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மருமகள் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அறுபத்தைந்து வயதுக்காரர் எப்படிக் கேட்பார்? கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஆறு மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் தனக்குள் புழுங்குகிறார். அந்த மூன்றாவது கேள்வியை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் பின்னால் வரும் இரண்டு ஆண்டுகள் ஒரேமாதிரி இருப்பதில்லை.

லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களோடு மருத்துவமனை வரிசைகளில் நின்ற பழக்கத்தில் இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிவு டாக்டருடையது. அவரிடம் எப்படித் தயாராகப் போவது என்பதை மட்டும் நாம் சேர்ந்து பார்ப்போம்.

## முதல் படி: எந்த ஆபரேஷன்?

'புராஸ்டேட் ஆபரேஷன்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. எது நமக்கு என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் கேட்டு பயப்படுவதில் பொருளில்லை.

வயதாவதால் சுரப்பி வீங்கி, சிறுநீர் போகும் வழியை அடைத்தால் செய்வது முதல் வகை. சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டு உள்ளிருந்து சுரண்டி எடுப்பார்கள். இதை டி.யு.ஆர்.பி என்பார்கள், லேசரால் செய்தால் ஹோலெப். சுரப்பியின் வெளி ஓடு அப்படியே இருக்கும். விறைப்புக்கான நரம்புகள் அந்த ஓட்டுக்கு வெளியே ஓடுவதால் அவற்றுக்கு ஆபத்து குறைவு.

ஆனால் இந்த வகையில் பெரும்பாலோருக்கு ஒரு மாற்றம் வரும்: உச்சத்தில் விந்து வெளியே வராமல் பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். இது நரம்புக் காயம் அல்ல. சிறுநீர்ப்பையின் வாய் திறந்து விடப்பட்டதால் நடப்பது. உடலுக்குத் தீங்கில்லை, அடுத்து சிறுநீர் கழிக்கும்போது வெளியேறிவிடும். முன்கூட்டியே சொல்லப்படாததால் "ஆண்மை போய்விட்டது" என்று கலங்குபவர்கள் நிறைய.

புற்றுநோய்க்காகச் செய்வது இரண்டாவது வகை, ராடிகல் புராஸ்டேடெக்டமி. சுரப்பி முழுவதையும் விந்துப்பைகளோடு எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் இணைத்துத் தைப்பார்கள். நரம்புப் பேச்சு முழுமையாகப் பொருந்துவது இதற்குத்தான். இனி வருவதில் பெரும்பகுதி இதைப் பற்றியது.

## எந்த நரம்பு? எங்கே ஓடுகிறது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் புராஸ்டேட் இருக்கிறது. அதன் பின்பக்க ஓரங்களில், கடிகாரத்தில் 5 மணி, 7 மணி காட்டும் இடங்களில், மெல்லிய நரம்புகளும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இறங்குகின்றன. பழத்தின்மேல் ஒட்டிய நூலாம்படை போல அவ்வளவு மெல்லியவை. ஆணுறுப்பு விறைப்பதற்கான கட்டளை இவற்றின் வழியே போகிறது.

நாற்பதாண்டுகளுக்குச் சற்று முன்புவரை இவை எங்கே ஓடுகின்றன என்பது அறுவை மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாது. புராஸ்டேட்டை எடுத்தால் விறைப்பு போகும் என்பது விதியாகவே கருதப்பட்டது. 1981-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனபோது பீட்டர் டாங்கர் என்ற ஓய்வுபெற்ற யூராலஜி பேராசிரியரைச் சந்தித்தார். டாங்கர், இறந்து பிறந்த சிசுவின் உடலில் நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களின் உடலில் கண்ணுக்குச் சிக்காத அந்த நரம்புகள் அங்கே தெளிவாகத் தெரிந்தன. இருவரும் சேர்ந்து பார்த்ததில், அவை சுரப்பிக்குள் போகவில்லை, வெளியே ஓரமாக ஓடுகின்றன என்று உறுதியானது. 1982 ஏப்ரல் 26 அன்று 52 வயது நோயாளி ஒருவருக்கு வால்ஷ், நரம்புகளை வேண்டுமென்றே ஒதுக்கிக் காப்பாற்றி ஆபரேஷன் செய்தார். இன்று 'நெர்வ் ஸ்பேரிங்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த நரம்புகளைக் காப்பாற்றினாலும் அவை கொஞ்சகாலம் மயங்கிக் கிடக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பக்கத்தில் இழுத்தாலே, ரத்தம் நிறுத்தச் சூடு வைத்தாலே அவை அடிபடும். நரம்பு அறுபடவில்லையென்றால் மெல்ல மீளும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு ஆகலாம். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் தானாக மீளும் வாய்ப்பு மிகக் குறைவு.

தொடு உணர்ச்சியும் உச்ச உணர்வும் வேறு நரம்பைச் சேர்ந்தவை. ஆகவே விறைப்பு போனாலும் அவை பெரும்பாலும் இருக்கும். விந்து மட்டும் இனி வராது. அதைச் சுரக்கும் பகுதிகளே எடுக்கப்பட்டுவிட்டன.

## மற்ற நரம்புகளும் உண்டு

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க இடுப்புக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சிலருக்கு எடுப்பார்கள். அந்த இடத்தின் வழியே ஆப்டுரேட்டர் நரம்பு போகிறது. அது அடிபட்டால் தொடையின் உட்பக்கம் மரத்துப்போகும். காலை உள்நோக்கிச் சேர்க்கும் வலு குறையும். ஆபரேஷன் நடக்கும்போதே கவனித்தால் அங்கேயே தைத்துச் சரிசெய்ய முடியும்.

வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் விரிப்பான் கருவி அழுத்தித் தொடை நரம்பு பாதிக்கப்படலாம். படியேறும்போது முழங்கால் மடங்கும். கால்களைத் தூக்கி வைக்கும் நிலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பு அழுந்தினால் பாதம் தொங்கும். ரோபோ முறையில் தலை தாழ்ந்து, கால் மேலே இருக்கும்படி மணிக்கணக்கில் படுக்க வைப்பதால் தோள், முழங்கை நரம்புகள் அழுந்திக் கை விரல் மரக்கலாம். இவை அரிதானவை, பெரும்பாலானவை வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். சர்க்கரை நோயாளிகள், மிக ஒல்லியானவர்கள், மிகப் பருமனானவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் இதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுவோம்.

## இரண்டாம் படி: ஆபரேஷன் இப்போதே வேண்டுமா?

நரம்பைக் காப்பாற்ற மிகச் சிறந்த வழி, தேவையில்லாத ஆபரேஷனைத் தவிர்ப்பது. இதைத் தயங்காமல் கேட்கலாம்.

பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வில், சுரப்பியோடு நின்ற புற்றுநோய் கொண்ட 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டுக்குப் பிறகு, 2023-ல் வெளியான முடிவில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று குழுவிலும் ஏறத்தாழ 3 சதவீதம்தான். கண்காணிப்புக் குழுவில் நோய் பரவியவர்கள் கூடுதல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பக்க விளைவில்தான் பெரிய வித்தியாசம். தொடக்கத்தில் 67 சதவீதம் பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆறு மாதத்தில் அது ஆபரேஷன் குழுவில் 12 சதவீதம், கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52. சிறுநீர் கசிவுக்கு பேட் வைத்தவர்கள் ஆபரேஷன் குழுவில் ஆறு மாதத்தில் 46 சதவீதம். ஆறாம் ஆண்டில் 17 ஆகக் குறைந்தது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். தீவிரமான புற்றுநோய்க்கு ஆபரேஷன் உயிர் காக்கும். பயாப்ஸி அறிக்கையில் புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண், எம்ஆர்ஐ படம், ரத்தச் சோதனையின் பிஎஸ்ஏ அளவு மூன்றையும் வைத்துக்கொண்டு, "என்னுடையது எந்த வகை? காத்திருந்து பார்க்கலாமா? கதிர்வீச்சு பொருந்துமா?" என்று கேட்போம். வீக்கத்துக்காக ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

## மூன்றாம் படி: எங்கே போவது?

அரசு வழியில் போனால் நம் மக்கள் 'பிஜி' என்று அழைக்கும் எஸ்எஸ்கேஎம் மருத்துவமனையும், காலேஜ் ஸ்ட்ரீட்டில் 1835-ல் தொடங்கிய கல்கத்தா மெடிக்கல் காலேஜும் இருக்கின்றன. புற்றுநோய்க்கென்று ஹாஸ்ராவிலும் நியூ டவுனிலும் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம், 2011 முதல் நியூ டவுனில் டாடா மெடிக்கல் சென்டர். தவிர, பைபாஸ் ஓரத்துத் தனியார் மருத்துவமனைகள்.

நம்மில் பலர் உடனே சொல்வது, "ஊருக்கே போய்ச் செய்துகொள்ளலாமே." வங்காளிகளே ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சிக்குப் போகிறார்கள், நாம் போனால் என்ன? போகலாம். ஆனால் நரம்பு விஷயத்தில் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆபரேஷன் ஒரு நாளில் முடிகிறது. நரம்பு மீள்வது ஒன்றரை, இரண்டு ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரிடம் போய் நிற்போம்? ஊரில் செய்துகொண்டால், கொல்கத்தாவில் தொடர்ந்து பார்க்க ஒரு யூராலஜிஸ்டை ஆபரேஷனுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆபரேஷன் செய்தவர் எந்தப் பக்க நரம்பைக் காப்பாற்றினார் என்ற குறிப்பு டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லையென்றால், இங்கே பார்ப்பவருக்கு அது தெரியவே வராது.

## நான்காம் படி: டாக்டரிடம் என்ன கேட்பது?

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம். மனைவியையும் அழைத்துப் போவோம். இது இருவர் வாழ்க்கை. பிள்ளைகள் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால், "ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று டாக்டரிடம் சொன்னால் போதும். எந்த நல்ல டாக்டரும் மறுக்க மாட்டார்.

முதல் கேள்வி: எனக்கு நரம்பைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்ய முடியுமா? இரண்டு பக்கமா, ஒரு பக்கமா? ஏன்? கட்டி நரம்புக்கு அருகே இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவைப்பது ஆபத்து, புற்று மிச்சப்படும். அந்த இடத்தில் நரம்பை விட்டுக்கொடுப்பதே சரியான மருத்துவம். டாக்டர் எம்ஆர்ஐ படத்தைக் காட்டி விளக்கினால் நம்பலாம்.

அடுத்து, அவருடைய சொந்தக் கணக்கு. "இந்த ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? உங்கள் நோயாளிகளில் ஓராண்டில் பேட் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்?" வெளிநாட்டு ஆய்வின் சதவீதம் மட்டும் போதுமா? அவர் கைக்கு என்ன வருகிறது என்பதே முக்கியம்.

மூன்றாவது, ரோபோவா, லேப்பராஸ்கோபியா, திறந்த முறையா? ரோபோ புராஸ்டேட் ஆபரேஷனை அமெரிக்காவின் டெட்ராய்டில் பெரிய அளவில் வளர்த்தெடுத்தவர் நம் புதுச்சேரி ஜிப்மரில் படித்த மணி மேனன் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ரோபோ முறையில் ரத்த இழப்பு குறையும், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோவையும் திறந்த முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, இரண்டாண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அந்த முடிவு 2018-ல் வெளியானது. என் கருத்து இதுதான்: இயந்திரத்தைவிட, அதைப் பிடிக்கும் கையைத் தேடுவோம். திறந்த முறையில் நூற்றுக்கணக்கில் செய்த கை அரசு மருத்துவமனையில் கிடைத்தால், ரோபோ இல்லையே என்று வருந்தத் தேவையில்லை.

கடைசியாக, ஒப்புதல் படிவம். ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கையெழுத்துப் போடாமல், முதல் நாளே வாங்கிப் படிப்போம். வங்காளியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் விளக்கிச் சொல்லக் கேட்போம். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: என்ன சிகிச்சை, ஏன், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்பதை நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லிப் பெறுவதே செல்லும் ஒப்புதல்.

## எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவமனையில் ஓரிரு ரூபாய் டிக்கெட்டில் வெளிநோயாளியாக நுழைகிறோம்; படுக்கையும் ஆபரேஷனும் இலவசம். நேரம்தான் விலை. வரிசை நீளம், தேதி கிடைக்கத் தாமதமாகும். வளாகத்திலேயே இருக்கும் நியாய விலை மருந்துக் கடைகளில் மருந்துச் செலவும் வெகுவாகக் குறையும்.

ரயில்வேயில் ஓய்வுபெற்றவர்கள் நம்மில் நிறைய. கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வே மருத்துவமனை, சியால்டாவிலுள்ள பி.ஆர்.சிங் மருத்துவமனை இரண்டிலும் முதலில் காட்டி, தேவைப்பட்டால் வெளி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிஜிஎச்எஸ் சுகாதாரத் திட்டம். ரயில்வே, சிஜிஎச்எஸ் இரண்டிலும் கடிதம் வாங்கிய பிறகே சேர வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் பணம் திரும்புவது கடினம். மாநில அரசு 2016 இறுதியில் தொடங்கிய ஸ்வாஸ்த்ய சாத்தி அட்டை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற கணக்கில் வந்தது. அட்டை வைத்திருப்பவர்கள், இன்றைய விதிப்படி இந்த ஆபரேஷன், இந்த மருத்துவமனை இரண்டும் பட்டியலில் உண்டா என்று உதவி மேஜையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தனியாரில் ரோபோ முறைக்குக் கூடுதல் தொகை லட்சத்தில் வரும். 'பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொன்னால் அதற்குள் எது இல்லை என்று கேட்போம். ரோபோவின் ஒருமுறைப் பயன்பாட்டுக் கருவிகள், எடுத்த சுரப்பியின் பயாப்ஸி, ஐசியு நாட்கள், ரத்தம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம் ஆகியவை வெளியே நிற்பது வழக்கம். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்வோம்.

காப்பீடு இருந்தால் இரண்டு வரிகளைத் தேடிப் படிப்போம். புராஸ்டேட் வீக்கத்துக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. ரோபோ அறுவையைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கலாம். விறைப்புச் சிகிச்சையைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

யாரும் சொல்லாத செலவு வீடு திரும்பிய பின் தொடங்குகிறது. பேட், டயாபர், பிசியோதெரபி, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ. ஆபரேஷன் பணத்தோடு இதற்கும் ஓராண்டுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம்.

## ஐந்தாம் படி: ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை இப்போதே தொடங்குவோம். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-ல் எழுதியதால் கீகல் பயிற்சி என்று பெயர். வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை மேலே இழுத்து, ஐந்து முதல் பத்து எண்ணும்வரை பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளரவிட வேண்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால் நல்லது.

இன்னொரு வேலை, இன்றைய நிலையை எழுதி வைப்பது. விறைப்பு எப்படி, இரவில் எத்தனை முறை எழுகிறோம், கால் கையில் ஏற்கனவே மரப்பு உண்டா என்று தேதி போட்டு எழுதி டாக்டர் ஃபைலில் சேர்ப்போம். சர்க்கரையால் பாதம் முன்பே மரத்திருந்தால் அதுவும் பதிவாகட்டும். பிறகு எது புதியது, எது பழையது என்பதில் குழப்பம் வராது.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவோம். புகையை நிறுத்துவோம்.

## ஆறாம் படி: முதல் இரண்டு நாள்

மயக்கம் தெளிந்ததும் நாமே ஒரு சோதனை செய்வோம். இரண்டு பாதங்களையும் முகத்தை நோக்கி மேலே இழுக்க முடிகிறதா? முழங்காலை நீட்ட முடிகிறதா? தொடைகளைச் சேர்த்து அழுத்த முடிகிறதா? கை விரல்கள் எல்லாவற்றிலும் உணர்ச்சி உண்டா? முதுகில் ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் அசையாதிருப்பது இயல்பு. ஆனால் அசைந்த கால் மறுபடி பலமிழந்தாலோ, நேரம் கடந்தும் திரும்பாவிட்டாலோ, முதுகு வலி கூடினாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். தண்டுவடத்தருகே ரத்தம் கட்டியிருந்தால் சில மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டியிருக்கும். காலையில் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரவுப் பணி நர்ஸிடம் சொல்ல இந்த வங்காளி வாக்கியங்கள் உதவும். ஊரிலிருந்து துணைக்கு வந்தவர்களுக்கும் எழுதிக் கொடுப்போம். "பா துல்தே பார்ச்சி நா" என்றால் காலைத் தூக்க முடியவில்லை. "பா ஜின்ஜின் கோர்ச்சே" என்றால் கால் மரத்து ஊசி குத்துகிறது. "பொஸ்ராப் தோரே ராக்தே பார்ச்சி நா" என்றால் சிறுநீரை அடக்க முடியவில்லை.

பாதம் தொங்கினால் தாங்கு பட்டையும் பிசியோதெரபியும் அன்றே தொடங்கும். நரம்பின் மின்னோட்டச் சோதனை ஏறத்தாழ மூன்று வாரத்துக்குப் பிறகே முழு விவரம் தரும். முதல் நாளே எடுத்து எல்லாம் சரியென்று வந்தால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

## ஏழாம் படி: டியூப் எடுத்த பிறகு

புற்றுநோய் ஆபரேஷனில் சிறுநீர் டியூப் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் இருக்கும். டியூப் இருக்கும்வரை கீகல் பயிற்சி வேண்டாம். எடுத்த அன்று பேட் கையோடு கொண்டு போவோம். வீடு திரும்பும் டாக்ஸியிலேயே கசியும். இருமும்போதும் எழும்போதும் கசிவது முதல் மாதங்களில் சகஜம். இதற்குச் சுருக்குத் தசையின் பலவீனம் முக்கியக் காரணம். நரம்பும் ஒரு பங்கு. நாளைக்கு எத்தனை பேட் என்று குறித்துவந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம்; டீயைக் குறைக்கலாம். ஓராண்டு கடந்தும் கசிவு கடுமையாக இருந்தால் செயற்கைச் சுருக்கு வளையம் போன்ற ஆபரேஷன்கள் இருக்கின்றன. அதையும் கேட்டுப் பெற வேண்டும், யாரும் தானாகச் சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

## எட்டாம் படி: விறைப்பு மீள

முதல் மாதங்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே நடக்காது. இது சகஜம். நரம்பு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும், அவசரப்படுத்த வழியில்லை. அதுவரை ரத்த ஓட்டம் அந்தத் திசுக்களுக்குப் போய்க்கொண்டிருக்கட்டும் என்பதற்காகப் பல டாக்டர்கள் சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளைத் தொடங்குவார்கள். தினமும் சாப்பிடுவதால் நரம்பு சீக்கிரம் ஆறும் என்று ஆய்வுகள் ஒருமனதாகச் சொல்லவில்லை. தேவைப்படும்போது எடுத்துப் பயன் பெறுபவர்கள் உண்டு. ஜெனரிக்கில் விலை குறைவு.

மாத்திரை கேட்காவிட்டால் வெற்றிடக் கருவி. அடுத்து, ஆணுறுப்பில் மெல்லிய ஊசி மூலம் மருந்து. முதல் தடவை டாக்டர் அறையிலேயே அளவு பார்த்துப் போட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். இரண்டாண்டு காத்தும் பலனில்லை என்றால் உள்ளே பொருத்தும் கம்பி இருக்கிறது. வளையும் வகை விலை குறைவு, காற்றடைப்பது போன்ற பம்ப் வகை பல மடங்கு அதிகம்.

இதையெல்லாம் விரும்பாத தம்பதிகளும் உண்டு. அதுவும் சரியான முடிவே. இருவரும் பேசி எடுத்ததாக இருந்தால் போதும். மனைவியிடம் பேசாமல் அறையை மாற்றிப் படுத்துக்கொள்ளும் ஆண்களைக் கண்டிருக்கிறேன். அந்த மௌனம், நரம்புக் காயத்தைவிட ஆழமாகக் காயப்படுத்துகிறது.

## எச்சரிக்கை

நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர்கள் சில்டெனாஃபில், டடாலாஃபில் பக்கமே போகக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

லோக்கல் ரயில் பெட்டியிலும் சுவரிலும் 'குப்தரோக்' (ரகசிய நோய்) விளம்பரங்கள் பார்த்திருப்போம். அந்த லேகியங்களில் அளவு தெரியாத ரசாயனம் கலந்திருக்கலாம், தொடவே வேண்டாம். பி12 மாத்திரை, அந்தச் சத்துக் குறைபாடு இருப்பவர்க்கு நல்லது. அறுந்த நரம்பை அது ஒட்டாது.

## குறை நேர்ந்ததாகத் தோன்றினால்

நரம்புக் காயம் எல்லாமே கவனக்குறைவு அல்ல. சொல்லப்பட்ட, அறியப்பட்ட பக்க விளைவாகவும் இருக்கலாம். முதலில் ஆபரேஷன் குறிப்பைக் கேட்போம். மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு விதி. அதை வைத்துக்கொண்டு இன்னொரு யூராலஜிஸ்டிடம் காட்டுவோம்.

புகார் செய்ய இங்கே கதவுகள் மூன்று. டாக்டரின் சிகிச்சைத் தவறு பற்றியது என்றால் மேற்கு வங்க மெடிக்கல் கவுன்சில். மருத்துவமனையின் சேவைக் குறை, பில் பற்றியது என்றால் 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மேற்கு வங்க மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையம். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். கட்டணம் செலுத்திப் பெற்ற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமில்லை. கொல்கத்தாவில் நடந்த ஒரு சிகிச்சைக்காக டாக்டர் குணால் சாஹா தொடுத்த வழக்கில், 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதற்குப் பதினைந்து ஆண்டு ஆனது.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு ஆண்டு கெடு. நரம்பு மீளுமா மீளாதா என்று தெரியவும் ஏறத்தாழ அதே இரண்டு ஆண்டு ஆகிறது. ஆகவே ஆறுமா என்று காத்திருக்கும்போதே ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவத்தின் நகல், மின்னோட்டச் சோதனை அறிக்கை, ஒவ்வொரு தொடர் சந்திப்பின் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் சேர்த்துக்கொண்டே போவோம். பதினெட்டாம் மாதத்தில் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுவோம்.